தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன் ஏன் செத்தது?
கடல்நீர்த் தொட்டிக்கு வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் அறிவியல்

"டீச்சர், ஃபில்டர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு ஏன் மீன் செத்துப்போச்சு?"

படிவம் 2 மாணவன் ஒருவன் ஆய்வுக்கூட வாசலில் நின்று இப்படிக் கேட்டான். சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் குடியிருப்பவன். பிறந்தநாளுக்கு அப்பா 100 லிட்டர் தொட்டி ஒன்றும், இரண்டு கோமாளி மீன்களும், கட்டைவிரல் அளவு பவளத் துண்டு ஒன்றும் வாங்கித் தந்திருக்கிறார். எட்டாம் நாள் ஒரு மீன் செத்தது. ஒன்பதாம் நாள் மற்றதும் செத்தது. பவளம் சுருங்கி வெளுத்துவிட்டது.

"தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் கழித்து மீனை விட்டாய், தம்பி?"

"அன்றைக்கே டீச்சர்."

"ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி?"

"மூன்று வேளை. பசியோடு இருக்கக் கூடாதுன்னு நிறையவே போட்டேன்."

அவன் கவனக்குறைவாக இல்லை. அன்போடுதான் வளர்த்தான். அவனிடம் இருந்த வடிகட்டியும் பழுதில்லை. ஆனால் அந்த வடிகட்டி எதை வடிகட்டும், எதை வடிகட்டாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மாணவர்களே, இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தெளிவு வேறு, தூய்மை வேறு

ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி உப்பைக் கரையுங்கள். நீர் தெளிவாகத்தான் இருக்கும். அதைத் துணியில் வடிகட்டினாலும் உப்பு துணியில் தங்காது. கரைந்த பொருள் துணியின் கண்ணிகளைவிட மிக மிகச் சிறியது. கரைசல், தொங்கல் என்று இரண்டு வகைக் கலவைகளைப் படித்திருப்பீர்கள். பஞ்சு வடிகட்டி தொங்கலைப் பிரிக்கும். கரைசலைப் பிரிக்காது.

மீன் தொட்டியில் உயிரைக் குடிக்கும் பொருள் கரைசலாகவே இருக்கிறது. அதன் பெயர் அம்மோனியா. மீன் உண்ணும் புரதத்தில் நைட்ரஜன் உண்டு. நாம் அந்த நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கிச் சிறுநீரில் விடுகிறோம். மீன் அதைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே செவுள் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் அழுகும் தீனியும் அம்மோனியாவைத் தருகிறது.

கடல்நீர்த் தொட்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அம்மோனியா நீரில் இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. இது செவுளுக்குள் எளிதில் நுழையாது. மற்றொன்று மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. இது நேரே உள்ளே புகுந்துவிடும். நீரின் காரத்தன்மை கூடக்கூட இரண்டாவது உருவத்தின் பங்கும் கூடும். பிஎச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு பங்கு, பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் அந்த நச்சு உருவத்தில் இருக்கும். தங்கமீன் வளர்த்த பழக்கத்தில் கடல்மீன் வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

பாக்டீரியா செய்யும் வேலை

அப்படியானால் கடலில் மீன்கள் எப்படி வாழ்கின்றன? அங்கே அம்மோனியாவைத் 'தின்னும்' பாக்டீரியாக்கள் இருக்கின்றன. 1890-ஆம் ஆண்டுவாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிவியலாளர் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டத்தில் ஒரு வகை பாக்டீரியா, அம்மோனியாவை உயிர்வளியோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாம் கட்டத்தில் வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நம் பாடநூல்களில் இந்த இரண்டாம் வகைக்கு நைட்ரோபாக்டர் என்று பெயர் இருக்கும். ஆனால் 1998-இல் அமெரிக்க ஆய்வாளர் திமோத்தி ஹொவனெக்கும் அவருடைய குழுவினரும் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்தபோது, அங்கே அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைராவை ஒத்த பாக்டீரியா என்று கண்டார்கள். பாடநூலில் உள்ள பெயரும் ஆய்வால் திருத்தப்படலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்விரு வகைகளும் ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு வேண்டும். சுவாசிக்க உயிர்வளி வேண்டும். பெருக நாள் வேண்டும். குடலில் வாழும் ஈ-கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். ஆகவே புதிய தொட்டியில் இவை போதுமான அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நம் மாணவனின் மீன்கள் ஒன்பது நாள்தான் இருந்தன.

ஒரு சின்னக் கணக்கு

அவன் ஒரு நாளைக்குப் போட்ட தீனி சுமார் 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தீனிப் பொட்டலத்தில் புரதம் 45 விழுக்காடு என்று இருக்கிறது. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன்.

1 கிராம் × 0.45 × 0.16 = 0.072 கிராம், அதாவது 72 மில்லிகிராம் நைட்ரஜன்.

மீனின் வளர்ச்சிக்குப் போகும் சிறு பங்கை விட்டுவிட்டு, எல்லாமே அம்மோனியா ஆவதாகக் கொள்வோம். நைட்ரஜனின் அணு நிறை 14. அம்மோனியாவின் மூலக்கூறு நிறை 17.

72 × 17 ÷ 14 = 87 மில்லிகிராம் அம்மோனியா.

தொட்டியில் 100 லிட்டர் நீர். எனவே ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 0.87 மில்லிகிராம் சேரும். ஒன்பது நாளில் அதிகபட்சம் ஏறக்குறைய 8 மில்லிகிராம். நன்றாக ஓடும் தொட்டியில் சோதனைப் பெட்டியில் அம்மோனியா சுழியம் காட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அவன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பஞ்சு, நீரைத் தெளிவாக்கியது. அம்மோனியா அந்தத் தெளிந்த நீரிலேயே இருந்தது.

சரி, ஆறு வாரம் பொறுத்து, பாக்டீரியா பெருகிவிட்டது என்று கொள்வோம். இப்போது அந்த 72 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டின் நிறை 62.

72 × 62 ÷ 14 = 319 மில்லிகிராம். லிட்டருக்கு ஒரு நாளைக்கு 3.2 மில்லிகிராம். ஒரு வாரத்துக்கு 22.4.

நைட்ரேட்டு மீனை உடனே கொல்லாது. ஆனால் பவளத்துக்கு அது ஒவ்வாது. பவளப்பாறையைச் சுற்றியுள்ள கடல்நீரில் நைட்ரேட்டு மிக மிகக் குறைவு. வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள்.

"வாரம் 10 விழுக்காடு நீரை மாற்றினால் போதாதா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். சேர்வதும் நீங்குவதும் சமமாகும்போது அளவு நிலைத்து நிற்கும். வாரம் சேர்வது 22.4. வாரம் நீங்குவது, இருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு. எந்த எண்ணின் பத்தில் ஒரு பங்கு 22.4? விடை 224. அதாவது தவறாமல் ஒவ்வொரு வாரமும் 10 விழுக்காடு நீரை மாற்றினாலும், நைட்ரேட்டு லிட்டருக்கு 224 மில்லிகிராம் வரை ஏறித்தான் நிற்கும்.

இந்த ஒரு கணக்கிலிருந்து இரண்டு பாடம் கிடைக்கிறது. முதலாவது, தீனியைக் கால் பங்காகக் குறைத்தால் 224 என்பது 56 ஆகிவிடும். இரண்டு சிறு கோமாளி மீன்களுக்கு அந்தக் கால் பங்கே போதும். தீனி போடும் கைதான் முதல் வடிகட்டி. இரண்டாவது, மீதியை நீக்க நைட்ரேட்டையே அழிக்கும் வழியோ, புரதம் அம்மோனியா ஆவதற்கு முன்பே அதைப் பிடித்து வெளியேற்றும் வழியோ வேண்டும். இந்த இரண்டு வழிகளும் உண்டு.

முதல் வழி: உயிர்ப்பாறை

1960-களின் தொடக்கத்தில், நமக்கு அருகிலுள்ள ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் ஒரு புதுமை செய்தார். அந்நாளில் கடல்நீர்த் தொட்டி என்றால் நீரைக் கிருமி நீக்கி, வெளுத்த பவள எலும்புகளை அழகுக்கு வைப்பார்கள். அவரோ, கடலடியில் கிடந்த நுண்துளைப் பாறைகளை அவற்றில் ஒட்டி வாழும் உயிர்களோடு எடுத்துத் தொட்டியில் அடுக்கினார். வெயிலும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் தவிர வேறு கருவி இல்லை. அந்தத் தொட்டியில் பவளங்கள் உயிரோடு இருந்தன. அவருடைய முறை மேலைநாட்டு மீன் வளர்ப்பு இதழில் வெளிவந்து பலரையும் வியக்க வைத்தது.

அதற்குப் பின்னால் உள்ள அறிவியல் இதுதான். அந்தப் பாறை பவளச் சுண்ணாம்பால் ஆனது. உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. பாறையின் மேற்பரப்பில் உயிர்வளி நிறைய இருக்கும். அங்கே அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா வாழும். துளைகளுக்குள் ஆழமாகப் போகப் போக உயிர்வளி தீர்ந்துவிடும். அங்கே வேறு வகை பாக்டீரியா வாழ்கிறது. அதற்குச் சுவாசிக்க உயிர்வளி இல்லாததால், நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிய்த்து எடுத்துக்கொள்ளும். மிச்சமாவது நைட்ரஜன் வாயு. அது குமிழியாகவும் கரைந்தும் வெளியேறிக் காற்றோடு கலந்துவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதானே!

ஆக, ஒரே கல்லின் வெளிப்புறமும் உட்புறமும் சேர்ந்து நைட்ரஜன் சுழற்சியை முடித்து வைக்கின்றன. கடைகளில் இதை 'லைவ் ராக்' என்பார்கள். பிளாஸ்டிக் பந்துகள் நிரப்பி, மேலிருந்து நீரைச் சொட்டவிடும் பழைய வகை வடிகட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பந்துகளைச் சுற்றி எங்கும் காற்று. அதனால் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை மிக வேகமாக நடக்கும். ஆனால் உயிர்வளி இல்லாத இடம் இல்லை. நைட்ரேட்டு தேங்கிக்கொண்டே போகும். மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு அது சரி. பவளத் தொட்டிக்குச் சரியல்ல.

இரண்டாம் வழி: பருப்பு நுரை

அம்மா பருப்பு வேகவைக்கும்போது பார்த்திருப்பீர்கள். கொதி வந்ததும் மேலே நுரை திரளும். கரண்டியால் அதை வழித்து எடுத்து ஊற்றிவிடுவார். பருப்பிலிருந்து கரைந்து வந்த புரதமும் வேறு சில பொருள்களும் அந்த நுரையில் சேர்ந்திருக்கும்.

புரத மூலக்கூறின் ஒரு பகுதி நீரை விரும்பும். மற்றொரு பகுதி நீரை வெறுக்கும். நீருக்குள் ஒரு காற்றுக் குமிழி வந்தால், நீரை வெறுக்கும் பகுதி காற்றுப் பக்கமாகத் திரும்பி, குமிழியின் மேல் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏறும்போது புரதமும் ஏறும். மேலே நுரையாகத் திரளும். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் காற்று பலமாக வீசும் நாளில் அலை கொண்டுவந்து தள்ளும் நுரையும் இப்படி உண்டாவதுதான்.

'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்னும் கருவி இதையே செய்கிறது. உயரமான ஒரு குழாய்க்குள் கடல்நீரோடு மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலக்கும். நுரை மேலேறி ஒரு கிண்ணத்தில் வழியும். மறுநாள் கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் நாற்றம் பிடித்த நீர் சேர்ந்திருக்கும். அந்த நீரில் இருப்பது, இன்னும் அம்மோனியா ஆகாத கழிவு. மற்ற வடிகட்டிகள் கழிவை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றுகின்றன. ஸ்கிம்மர் அதைத் தொட்டியை விட்டே வெளியேற்றுகிறது. கூடவே, குமிழிகள் வழியாக நீருக்கு உயிர்வளியும் கிடைக்கிறது.

நன்னீர்த் தொட்டிக்கு ஏன் ஸ்கிம்மர் விற்பதில்லை? நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகிவிடும். உப்பு நீரில் அவை எளிதில் இணைவதில்லை. ஒரு பெரிய குமிழியைவிட, அதே அளவு காற்றைக் கொண்ட ஆயிரம் சிறு குமிழிகளுக்கு மொத்தப் பரப்பு அதிகம். பரப்பு அதிகமானால் ஒட்டும் புரதமும் அதிகம்.

1980-களில் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள் உயிர்ப்பாறை, வலுவான ஸ்கிம்மர், நல்ல விளக்கு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பவளம் வளர்த்தார்கள். 'பெர்லின் முறை' என்று பெயர் பெற்ற அதுவே இன்றைக்கும் பெரும்பாலான வீட்டுப் பவளத் தொட்டிகளின் அடிப்படை.

மற்ற உதவியாளர்கள்

பஞ்சு அல்லது துணிப்பை: மிதக்கும் துகள்களைப் பிடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பிடித்த கழிவு அங்கேயே அழுகி அம்மோனியாவாகித் திரும்பத் தொட்டிக்கே வரும்.

தூண்டப்பட்ட கரி: நீரின் மஞ்சள் நிறத்தையும், சில மென்பவளங்கள் வெளியிடும் நச்சுகளையும் தன் துளைகளில் ஒட்ட வைத்துக்கொள்ளும். நல்ல கரியின் ஒரு கிராமுக்கு உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல். ஆறு பூப்பந்துத் திடல்களின் பரப்பு ஒரு கிராமுக்குள் மடிந்து கிடக்கிறது! ஆனால் துளைகள் நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது. மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கரி, அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நீக்காது.

இரும்பு ஆக்சைடு மணிகள்: பாஸ்பேட்டைப் பிடிக்கும். பாஸ்பேட்டு மிகுந்தால் பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவது தடைப்படும். அதே நேரம், அதை ஒரேயடியாகச் சுழியமாக்கினாலும் பவளம் பட்டினி கிடக்கும். ஆகவே சோதித்துப் பார்த்த பிறகே போட வேண்டும்.

பாசித் தொட்டி: பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறு தொட்டியில் நூல்போன்ற பச்சைப் பாசியை விளக்கொளியில் வளர்ப்பார்கள். பாசி வளர நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். வாரம் ஒரு கைப்பிடி பாசியை அறுத்து எறிந்தால், அவையும் அதோடு போய்விடும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டினார்.

மூடிய உருளை வடிகட்டி: நன்னீர்த் தொட்டிகளில் மிகவும் பயன்படுவது. நீர் ஒரு மூடிய டப்பாவுக்குள் போய்வரும். மின்சாரம் தடைப்பட்டால், உள்ளே இருக்கும் பாக்டீரியா அந்தச் சிறிதளவு நீரில் உள்ள உயிர்வளியைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் தொட்டிக்குள் பாயும்.

பினாங்கு வீட்டுக்கு எது ஏற்றது?

வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஊரின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பினாங்கில் பகல் வெப்பம் வழக்கமாக 31, 32 பாகை செல்சியஸ். பம்பும் விளக்கும் நீரை இன்னும் சூடாக்கும். பவளத்துக்கு 25 முதல் 27 பாகை ஏற்றது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-இல் கடல்நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் சில மாதங்களுக்கு மூடியது நினைவிருக்கலாம்.

வெப்பம் கூடினால் நீரில் கரையும் உயிர்வளியும் குறையும். 28 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்து வைக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரால் 6.4 மில்லிகிராம்தான் முடியும். அந்தக் குறைந்த உயிர்வளியை மீனும் பவளமும் பாக்டீரியாவும் பங்கு போட வேண்டும். எனவே நம் ஊரில் காற்றோட்டம் தரும் வடிகட்டிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

100 லிட்டர் தொட்டிக்கு நான் சொல்லும் வரிசை இது: 10 முதல் 15 கிலோ நுண்துளைப் பாறை. நீரைச் சுழற்ற ஒரு பம்பு. தொட்டியின் அளவுக்கு ஏற்ற ஸ்கிம்மர். கழுவத்தக்க ஒரு துணிப்பை. நீரின் மேல் காற்று வீசும் சிறு மின்விசிறி. மின்தடைக்கு ஒரு மின்கலக் காற்றுப் பம்பு. கரி, இரும்பு மணி, பாசித் தொட்டி எல்லாம் சோதனைப் பெட்டி தேவை என்று சொன்ன பிறகு வாங்கலாம். பணம் குறைவாக இருந்தால் கடைசியாகக் குறைக்க வேண்டியது பாறை. மீன் ஒன்றிரண்டும் மென்பவளமும் மட்டும் என்றால், ஸ்கிம்மர் இல்லாமல் வாரம் 15 முதல் 20 விழுக்காடு நீரை மாற்றியும் சமாளிக்கலாம்.

மின்விசிறி வைத்தால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 35.7 ஆகும். குறைந்த நீரை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குழாய் நீரில் குளோரின் உண்டு. பாக்டீரியாவைக் கொல்லத்தான் அதைச் சேர்க்கிறார்கள். ஆகவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கிய நீரே நல்லது. நம் கரையோரக் கடல்நீரை வாளியில் அள்ளி வந்து ஊற்ற வேண்டாம். ஆறுகள் கலப்பதால் அதில் உப்பும் சீராக இராது. சேறும் கழிவும் இருக்கும்.

மீன் இல்லாமல் ஆறு வாரம்

முதல் நாள் பாறையும் உப்புநீரும் மட்டும். பம்பு ஓடட்டும். ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். நாள்விட்டு நாள் சோதனைப் பெட்டியால் அளந்து குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட்டு ஏறும். கடைசியில் இரண்டும் சுழியமாகி, நைட்ரேட்டு மட்டும் தெரியும். மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். இரண்டு மலைகளும் அவற்றுக்குப் பின் ஓர் ஏற்றமும் கிடைக்கும். அதன் பிறகு ஒரு மீன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. பவளம் அதற்கும் பிறகு.

பாறையையும் பவளத்தையும் கடலில் இருந்து எடுக்கக் கூடாது. பினாங்குக்கும் லங்காவிக்கும் இடையே உள்ள பாயார் தீவு கடல்பூங்கா. அங்கே ஒரு துண்டு பவளத்தை உடைப்பதும் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கடும்பவளங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. தொட்டியிலேயே வெட்டி வளர்த்த பவளத் துண்டுகளும், பண்ணையில் பொரித்த கோமாளி மீன்களும் கிடைக்கின்றன. பாறைக்குப் பதில், காய்ந்த நுண்துளைக் கல்லை வாங்கி, நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு சிறு கல்லை மட்டும் இரவல் வாங்கி வைத்தால் போதும். பாக்டீரியா பரவிவிடும், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு வெளியே ஒரு தொட்டி

அந்த மாணவனிடம் இதையெல்லாம் விளக்கி முடித்தபோது அவன் கேட்டான்: "அப்போ நம்ம ஆற்றுக்கும் இதே கதைதானா டீச்சர்?"

ஆம். ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன், டோண்டாங், ஜெலுத்தோங் ஆகிய கிளையாறுகள் சேர்ந்து ஜார்ஜ்டவுன் வழியே கடலுக்குப் போகும் சுங்கை பினாங் ஆறு, பல பத்தாண்டுகளாக மாசுக்குப் பெயர் பெற்றது. ஆற்றுக்கும் பாக்டீரியா உண்டு, கல் உண்டு, மணல் உண்டு. ஆனால் ஒரு நாளில் விழும் கழிவு, ஒரு நாளில் பாக்டீரியா முடிக்கும் வேலையைவிட அதிகமானால் உயிர்வளி தீர்ந்துவிடும், நீர் கறுக்கும், நாறும். நம் சுற்றுச்சூழல் துறை ஆற்று நீரின் தரக் குறியீட்டைக் கணக்கிட ஆறு அளவுகளை எடுத்துக்கொள்கிறது. கரைந்த உயிர்வளி அதில் ஒன்று. அம்மோனியா நைட்ரஜன் இன்னொன்று. ஜெலுத்தோங்கில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும் தொட்டிகளுக்குள் காற்றை ஊதுவதும், மீன் தொட்டியில் நாம் குமிழி விடும் அதே காரணத்துக்காகத்தான்.

அந்த மாணவனின் தொட்டியில் இப்போது கல்லும் தண்ணீரும் மட்டும் இருக்கின்றன. தம்பி தங்கைகள் வந்து, "மீன் எங்கே?" என்று சிரிக்கிறார்களாம். நான்காம் வார அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். அம்மோனியா இறங்கிவிட்டது. நைட்ரைட்டு இன்னும் உச்சியில் நிற்கிறது. "இன்னும் மீன் வாங்கலையா?" என்றேன். "கோடு கீழே வரட்டும் டீச்சர்" என்றான்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளை எடுங்கள். இரண்டிலும் அரை லிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் 17 கிராம் உப்பைக் கரையுங்கள். தோராயமாக மட்டமாக எடுத்த மூன்று தேக்கரண்டி. இரண்டையும் பத்து நொடி வேகமாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். எதில் குமிழிகள் சிறியவை? எதில் நீர் தெளிய அதிக நேரம் ஆகிறது? காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. மின்தடைக்குப் பின் மூடிய உருளை வடிகட்டியை அப்படியே இயக்கக் கூடாது. ஏன்? இயக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

2. துணிப்பையை ஒரு மாதம் கழுவாமல் விட்ட ஒருவர், "என் நீர் தெளிவாகத்தானே இருக்கிறது!" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

3. 60 லிட்டர் தொட்டி. ஒரு நாள் தீனி 0.3 கிராம்; அதில் புரதம் 40 விழுக்காடு. பாறையும் ஸ்கிம்மரும் இல்லை, பாக்டீரியா உண்டு. வாரம் 20 விழுக்காடு நீர் மாற்றப்படுகிறது. நைட்ரேட்டு எந்த அளவில் ஏறி நிற்கும்?

மூன்றாம் கேள்விக்கு விடை: ஒரு நாள் நைட்ரஜன் 19.2 மில்லிகிராம், நைட்ரேட்டு 85 மில்லிகிராம், லிட்டருக்கு 1.42, ஒரு வாரத்துக்கு 9.9. ஐந்தில் ஒரு பங்கு 9.9 ஆக இருக்கும் எண் ஏறக்குறைய 50. எனவே லிட்டருக்கு 50 மில்லிகிராம். இது பவளத்துக்கு ஏற்றதா? நீங்களே சொல்லுங்கள்.